மறதி பாய் என்று சொன்னவர்களுக்கு

செய்தி வந்தபோது நான் அலுமினியச் சட்டியில் கருவாடு அலசிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடுதான் போனை எடுத்தேன். காதர் பாயின் சின்ன மகள் நஃபீசா. "மேரி மாமி, அத்தா மவுத்தாயிட்டாங்க" என்றாள். விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர், கைகால் கழுவப் போன இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு, வேறு புடவை மாற்றிக்கொண்டு, விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் மங்கலம்பேட்டை பஸ் ஏறினேன். அன்றைக்கு எங்கள் தெருப் பூனைகளுக்கு நல்ல விருந்து.

மதியம் அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். நம் பீங்கான் யூனிட்டில் வேலை பார்த்தவர்கள் பாதிப் பேர் வந்திருந்தீர்கள். பக்கத்து வீட்டிலிருந்து டீ வந்தது. முதலாளிதான் பேச்சை ஆரம்பித்தார். "பாய் மாதிரி மனுஷன் இனிமே எங்க கெடைக்கப் போறான்? மறதி ஒண்ணுதான். அன்னிக்கி ஃபில்டரு கழுவ மறந்து ஒரு சூளையையே குளிர வுட்டுட்டாரே!" எல்லோரும் சிரித்தீர்கள். கேலி இல்லை அது, பிரியத்தில் வருகிற சிரிப்புதான். கதவோரம் நின்ற நஃபீசாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆமாம் மாமி, அத்தாவே சொல்வாங்க, எனக்கு மறதி ஜாஸ்தின்னு" என்று சிரித்தாள். நான் டீயைக் குடிக்காமல் டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கிளம்பும்போது முதலாளி கூப்பிட்டார். பாய்க்கு நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடலாம், நீ கோயில் பத்திரிகையில் எழுதுகிறவள், நாலு பக்கம் எழுதிக் கொடு என்றார். சரி என்றேன். எழுதியும் விட்டேன், இதோ. முதலாளி, நீங்களும் கடைசி வரைக்கும் படியுங்கள். நடுவில் மூடி வைத்துவிடாதீர்கள்.

பவர்கட் உயிரை வாங்கிய காலம் அது. நாளுக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நம்முடையது எண்ணெய்ச் சூளை. காற்று ஊதுகிற மோட்டார் நின்றால் தீயும் நின்றுவிடும். பாதி வெந்த சரக்கு சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விட்டு ஒன்றுக்கும் உதவாமல் போகும். ஃபியூஸ் கட்டையும் இன்சுலேட்டரும் கூடை கூடையாய்ப் பின்பக்கம் கொட்டிக் கிடந்தன. அப்போதுதான் முதலாளி எங்கேயோ உடைத்த பழைய கப்பலிலிருந்து ஒரு டீசல் எஞ்சினை வாங்கி, ஜெனரேட்டரோடு லாரியில் கொண்டுவந்து இறக்கினார். தொழிற்பேட்டையே திரண்டு வந்து பார்த்தது. "கடலே இல்லாத ஊருக்குக் கப்பலு வந்துருக்குது" என்று ஆளுக்கு ஆள் கிண்டல். அதை ஓட்டுவதற்கு வந்தவர்தான் காதர் பாய். வளைகுடாவில் இழுவைக் கப்பல்களின் எஞ்சின் அறையில் பல வருஷம் கிடந்தவர்.

வந்த அன்றைக்கு பாய் எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் கேட்டது ஒரே கேள்விதான். "கடல் எங்க மொதலாளி?" முதலாளி முழித்தார். பிறகு ஷெட்டுக்குப் பின்னால் புதிதாகக் கட்டியிருந்த சிமெண்டுத் தொட்டியைக் காட்டினார். போர்வெல் தண்ணீர் நிரப்பிய நீளத் தொட்டி. பாய் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். "உப்பு கம்மி. பரவால்ல, இதான் கடலு" என்றார். அன்றிலிருந்து நமக்கெல்லாம் அது கடல்தான். "கடல்ல தண்ணி கொறஞ்சி போச்சு, மோட்டாரப் போடு" என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறோம்!

நான் சரக்குக்குப் பளபளப்புப் பூச்சு பூசுகிற கிளேஸ் பிரிவில் பெண்களுக்கு மேஸ்திரி. என் மேசையிலிருந்து பார்த்தால் எஞ்சின் ஷெட் தெரியும். காலை ஏழு மணிக்கு பாய் செய்கிற வேலை பூசை மாதிரி, ஒரு நாளும் மாறாது. தொட்டியிலிருந்து வருகிற குழாயின் வால்வை மூடுவார். ஃபில்டர் மூடியைக் கழற்றிக் கூடையை வெளியே எடுத்து, தட்டி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் தூக்கிப் பிடித்து ஓட்டை ஓட்டையாகப் பார்ப்பார். திரும்ப மாட்டி வால்வைத் திறப்பார். எஞ்சின் சாவி அந்த வால்வின் கைப்பிடியில்தான் தொங்கும். வால்வைத் தொடாமல் சாவியை எடுக்க முடியாது. எஞ்சின் கிளம்பியதும் ஓடிப் போய்த் திரும்பு குழாயில் தண்ணீர் விழுகிறதா என்று பார்ப்பார். விழுந்தால்தான் அவர் முகத்தில் களை வரும்.

"அப்படி என்னா பாய் பாக்கறீங்க, அருவியையா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எஞ்சினுக்கு ரெண்டு தண்ணி மேரிம்மா. உள்ளயே சுத்தறது வூட்டுத் தண்ணி, அது வெளிய போவாது. தொட்டியிலேருந்து வர்றது விருந்தாளித் தண்ணி. அது கூலருக்குள்ள வரும், வூட்டுத் தண்ணியோட சூட்ட வாங்கிக்கும், போயிடும். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாது. விருந்தாளி வராம போயிட்டான்னு வையி, வூடு எரிஞ்சிடும்." கப்பலில் விருந்தாளி கடலுக்குப் போய்விடுவான். இங்கே அதே தொட்டிக்குத்தான் திரும்பி வந்தாக வேண்டும். அதனால் வீணாய்ப்போன இன்சுலேட்டர்களையெல்லாம் தொட்டியின் ஒரு முனையில் மேடாக அடுக்கி, அதன் மேல் தண்ணீர் விழுந்து சிதறி ஆறும்படி பாய் செய்திருந்தார். உடைந்த சரக்குக்கும் ஒரு வேலை கொடுத்த மனுஷன் அவர் ஒருவர்தான்.

மார்கழி பிறந்தது. களிமண் வேலையில் மார்கழி என்றால் என்ன என்று நம் பெண்களைக் கேளுங்கள். ஐஸ் மாதிரித் தண்ணீரில் பகல் முழுக்க கை. விரல் நுனி வெடித்து, கிளேஸ் பட்டால் மிளகாய் வைத்தது போல எரியும். அந்த நேரத்தில் கண்ணெதிரே வெதுவெதுவென்று ஒரு தொட்டித் தண்ணீர்! விடுவார்களா? கை கழுவினார்கள், கால் கழுவினார்கள், ஒருத்தி சோப்பு போட்டு ஜாக்கெட்டே துவைத்தாள். ஃபில்டர் கூடையில் களிமண் பிசின் போல ஒட்ட ஆரம்பித்தது. பாய் என்னிடம் வந்தார். கோபமாகப் பேச அவருக்கு வராது. "மேரிம்மா, கூலருக்குள்ள சன்னம் சன்னமா குழாய்ங்க. அதுல சேறு பூந்துட்டா நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது. ஒன் சொல்லு கேப்பாங்க, நீ சொல்லு" என்றார். நானும் சொன்னேன். சொன்னேனா, ஆடினேன். "எவளாச்சும் தொட்டியில கைய வச்சா கை இருக்காது" என்று நடு யூனிட்டில் நின்று கத்தியது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். முதலாளியும், இனி தொட்டியில் கை வைக்கிறவருக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

அந்த மார்கழியில்தான் எங்கள் பங்குச் சாமியார் கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சொரூபங்கள் வேண்டும் என்று கேட்டார். வழக்கமாக எங்கேயோ வெளியூரில் வாங்குவது. இந்தத் தடவை நம் பெண்களே அச்சு எடுத்து, வார்த்து, பூசி, சுட்டுக் கொடுக்கட்டும் என்றார். நாங்கள் ஆறு பேர் வேலை முடிந்து மிச்ச நேரத்தில் செய்தோம். ஃபியூஸ் கட்டை செய்து செய்து அலுத்துப்போன கைகள், குழந்தை ஏசுவின் விரலைச் செய்யும்போது எத்தனை மெதுவாக நகர்ந்தன தெரியுமா? மாதாவின் முக்காட்டுக்கு நீல கிளேஸ் நானே கலந்தேன். கலக்கும்போது அது கத்தரிப்பூ நிறத்தில்தான் இருக்கும், வெந்தால்தான் நீலம். அந்த வாரம் யூனிட்டில் அந்த நிறம் என் வாளியில் மட்டும்தான் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஊருக்கு உபதேசம் பண்ணிய இந்த மேரி, அந்த மார்கழியில் தினமும் ஷெட்டுக்குப் பின்னால் போய்த் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். எஞ்சின் இரண்டு மணி நேரம் ஓடினால் தொட்டி முழுக்கச் சூடு ஏறிவிடும். குழாய் உறிஞ்சுகிற முனையில் சுவர் மறைவு, யார் கண்ணிலும் படாது. என் விரல்கள் வெடித்திருந்தன, எனக்கு மேஸ்திரி என்ற திமிரும் இருந்தது. சூளை ஓடிய அன்றைக்கு, சொரூபங்கள் உள்ளே போய் வெந்துகொண்டிருந்தபோது, பத்தரை மணி வாக்கில் போனேன். கிளேஸ் துடைக்கிற ஸ்பாஞ்சைத் தண்ணீருக்குள் பிழிந்தேன். அது பாதியாகக் கிழிந்து, கையை விட்டு நழுவி, நான் எட்டிப் பிடிப்பதற்குள் குழாய்க்குள் போய்விட்டது. "ஃபில்டரு எதுக்கு இருக்குது, புடிச்சிக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டேன்.

பாயிடம் போய்ச் சொல்லியிருந்தால் பத்து நிமிஷ வேலை. வால்வை மூடிக் கூடையைக் கழுவி மாட்டியிருப்பார். நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் பாய் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடுவதைப் பார்த்தேன். அருவியின் சத்தம் குறைந்ததை அவ்வளவு இரைச்சலிலும் அவர் காது பிடித்துவிட்டது. எஞ்சினை நிறுத்தினார். கரண்டும் இல்லை, சூளையின் காற்றும் நின்றது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று கேட்டால், குற்றம் செய்தவன் கால் அங்கேதான் போகும். பாய் ஃபில்டர் மூடியைத் திறந்தார். கூடை வாயை அடைத்துக்கொண்டு, களிமண்ணோடு உப்பிப்போய், கத்தரிப்பூ நிறத்தில் என் ஸ்பாஞ்சு. அதை எடுத்தார், பார்த்தார். பிழிந்து கைலி மடிப்பில் செருகிக்கொண்டார். என்னைப் பார்க்கவே இல்லை. "டார்ச்ச இப்படிக் காட்டும்மா" என்றார், அவ்வளவுதான்.

தண்ணீர் வராமல் ஓடியதில் பம்புக்குள் இருக்கிற ரப்பர் சக்கரம் கிழிந்திருந்தது. ஆறு இதழில் மூன்று இல்லை. பாயிடம் புதுச் சக்கரம் இருந்தது, மாட்ட ஐந்து நிமிஷம் போதும். முதலாளி தலைக்கு மேல் நின்று, "மாட்டி ஓட்டுங்க பாய், சூளை செத்துக்கிட்டு இருக்குது" என்று குதித்தார். பாய் அசையவில்லை. "மூணு இதழு போயிருக்குது மொதலாளி. மூணும் என் கைக்கு வரணும். ஒண்ணு உள்ள தங்குனாலும் கூலர அடச்சிடும், நாளைக்கு எஞ்சினே இருக்காது." கூலரின் மூடியைக் கழற்றினார். இரண்டு துண்டு அங்கே இருந்தது. மூன்றாவது இல்லை. குழாயின் வளைவைக் கழற்றி, கம்பியை விட்டு, குச்சியை விட்டு, கடைசியில் வாயை வைத்து ஊதி அந்தத் துண்டைக் கொண்டுவந்தார். மூன்றையும் பழைய சக்கரத்தில் பொருத்திப் பார்த்து, கிழிந்த விளிம்பும் விளிம்பும் சேர்கிறதா என்று பார்த்த பிறகுதான் புதுச் சக்கரத்தைத் தொட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நான்தான் டார்ச் பிடித்தேன். "வெளிச்சம் ஆடுது மேரிம்மா" என்று ஒரு தடவை சொன்னார்.

எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் முதலாளி கேட்டார். "யார் பண்ண வேலை இது? எவளாச்சும் தொட்டியில கைய வச்சாளா?" நம் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்றிருந்தார்கள். பாய் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். "யாரும் ஒண்ணும் பண்ணல மொதலாளி. காலையில ஃபில்டரு கழுவ மறந்துட்டேன். என் தப்பு." முதலாளி அவரை எல்லோர் முன்னாலும் என்னென்ன பேசினார் என்று எழுத எனக்கு மனசில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் டார்ச்சோடு பக்கத்திலேயே நின்றேன். வாய் இருந்தது, நாக்கு இருந்தது, ஊரைக் கூட்டிக் கத்துகிற தொண்டையும் இருந்தது. ஒரு சொல் வரவில்லை. என் மகள் அப்போது நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்தாள், அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை, வேலை போனால் படிப்பும் போகும் என்று நினைத்தேன். நிஜம்தான். ஆனால் அதைவிட, என் பெண்கள் முன்னால் முகம் கெட்டுப்போகுமே என்ற பயம்தான் பெரிது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சூளை திறந்தபோது பாதிக்கு மேல் ஃபியூஸ் கட்டை போயிற்று. சொரூபங்களில் ஒரு ராஜாவும் ஒரு மாடும் விரிசல் விட்டுவிட்டன. மாதா தப்பித்தாள், முக்காடு அப்படி ஒரு நீலம். அந்த வருஷம் எங்கள் குடிலுக்கு வந்த ராஜாக்கள் இரண்டே பேர். பாய் பார்க்க வந்திருந்தார். "மூணாவது ராஜா பஸ்ஸ வுட்டுட்டாரா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் மாதா முகத்தையும் பார்க்கவில்லை, பாய் முகத்தையும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவர் செய்ததை நீங்கள் எல்லோரும் அனுபவித்தீர்கள். தண்ணீர் திரும்பி வருகிற குழாயை ஷெட்டுக்கு முன்பக்கமாக இழுத்து, அதில் ஒரு கிளை வைத்து, ஒரு குழாய்த் திருகைப் பொருத்தினார். திறந்தால் வெந்நீர். கழுவின தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் வாய்க்காலில் ஓடிவிடும். குறைகிற தண்ணீரைச் சாயந்திரம் போரிலிருந்து அவரே நிரப்புவார். பெண்கள் கூடி நின்று கைதட்டினார்கள். பாய் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என்னைக் கூப்பிட்டார். "மேரிம்மா, ஒனக்குத்தான் கை வெடிச்சிக் கெடக்குது. மொதல்ல நீ கழுவு." என் கை வெடித்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நான் போய்க் கழுவினேன். தண்ணீர் சூடாக இருந்தது. அழுகையைத் தண்ணீரில் மறைக்க முகத்தையும் கழுவிக்கொண்டேன்.

மறதி பாய் என்ற பேர் சூளை குளிர்ந்த அன்றைக்கே ஒட்டிவிட்டது. "பாய், சோறு துன்னீங்களா, மறந்துட்டீங்களா?" "பாய், வூட்டுக்கு வழி ஞாபகம் இருக்குதா?" எல்லாவற்றுக்கும் சிரிப்பார். ஆனால் அது சிரிப்போடு போகவில்லை. மறு வருஷம் முதலாளி மங்கலம்பேட்டை ரோட்டில் இரண்டாவது யூனிட் போட்டார். அங்கே வந்த எஞ்சினைப் பார்த்துக்கொள்ள பாய் ஆசைப்பட்டார். வீட்டுக்குப் பக்கம், மதியம் போய்ச் சாப்பிட்டு வரலாம், அப்போது அவர் வீட்டம்மாவுக்கு உடம்பும் சரியில்லை. "மறக்குற ஆளு கையில ஒரு யூனிட்ட எப்படிக் குடுக்கறது?" என்று வேறு ஆளைப் போட்டார்கள். அந்தச் செய்தியை முதலாளி என்னிடம்தான் சொல்லி அனுப்பினார். நான்தான் போய்ச் சொன்னேன். "சரி, அல்லா இங்கயே இருக்கச் சொல்றான்" என்று ஃபில்டர் கூடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை.

ஒரே ஒரு தடவை முயன்றேன். எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டு, யூனிட்டையும் மூடி, ஆளுக்கொரு பக்கம் போன பிறகு, நஃபீசா கல்யாணத்தில். பிரியாணிப் பந்தியில் பரிமாறிக்கொண்டு வந்தவரை நிறுத்தி, "பாய், அன்னிக்கி அந்த ஃபில்டரு..." என்று ஆரம்பித்தேன். கரண்டியால் என் இலையில் இன்னொரு துண்டு கறியை வைத்தார். "வெளிய போன தண்ணிய யாராச்சும் எண்ணிக்கிட்டு இருப்பாங்களா? துன்னும்மா, ஆறிப்போவுது" என்று அடுத்த இலைக்குப் போய்விட்டார். அவர் மன்னித்தது பெரிய விஷயம்தான். ஆனால் அவர் மன்னித்ததை வைத்துக்கொண்டு நான் இத்தனை வருஷம் சௌகரியமாக இருந்துவிட்டேன். அவர் பெற்ற மகளே அவரை மறதிக்காரர் என்று நம்பி அழுகிறாள். இதற்கு மேலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷி இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று எழுத வேண்டுமாம், மலர் என்றால் அப்படித்தானாம். பொருள் ஒன்றும் இல்லை. அந்த ஸ்பாஞ்சை அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, எந்த அடுப்பில் போட்டாரோ. காணாமல் போன துண்டு கைக்கு வராமல் எஞ்சினைக் கிளப்பக்கூடாது என்ற அவருடைய பிடிவாதம்தான் எனக்கு மிஞ்சியது. அதுவும் இத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்கு வந்திருக்கிறது. மறதி பாய் என்ற கதையில் காணாமல் போயிருந்த துண்டு என்னிடம்தான் இருந்தது.

முதலாளி, கேட்டுக்கொள்ளுங்கள். நஃபீசா, உன் பிள்ளைகளுக்கும் சொல்லு. அன்றைக்குக் காலை ஏழு மணிக்குக் காதர் பாய் வால்வை மூடினார், ஃபில்டரைத் திறந்தார், கூடையைப் பிரஷ்ஷால் தேய்த்தார், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து மாட்டினார். நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.